மருத்துவர் உண்மை பேசச் சட்டம் துணை நிற்குமா?

புதுதில்லி: பிரசவம் முடிந்த சில மணி நேரத்தில், நிற்காத ரத்தப்போக்கால் ஒரு தாய் உயிரிழக்கிறார். அதன்பின் என்ன நடக்கும் என்பது, இந்தியாவில் பெரும்பாலும் அவர் எந்த மாநிலத்தில் இறந்தார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

2022 மார்ச் இறுதியில் ராஜஸ்தான் மாநிலம் தௌசா மாவட்டம் லால்சோட் நகரில் அப்படியொரு மரணம் நிகழ்ந்தது. தனியார் மருத்துவமனை முன்பு போராட்டம் வெடித்தது. சிகிச்சை அளித்த பெண் மருத்துவர் மீது காவல்துறை கொலைப் பிரிவில் வழக்குப் பதிவு செய்தது. மறுநாள் அந்த மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். ரத்தப்போக்கு எப்போது கண்டறியப்பட்டது, ரத்தம் கையிருப்பில் இருந்ததா, உதவிக்கு வேறு மருத்துவர் அழைக்கப்பட்டாரா என்ற கேள்விகளுக்கு அந்தக் களேபரத்தில் இடமிருக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் தாயை இழந்ததுதான் மிச்சம்.

கேரளத்தில் 2004-ஆம் ஆண்டு முதல் வேறொரு வழி இருக்கிறது. பிரசவத்தை ஒட்டி ஒரு பெண் இறந்தால், அவருடைய சிகிச்சைக் கோப்பின் நகல், நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், மருத்துவமனையின் பெயர் ஆகியவை நீக்கப்பட்டு மூத்த மருத்துவர்களின் பார்வைக்குச் செல்கிறது. அந்த மரணத்தைத் தவிர்த்திருக்க முடியுமா, எந்தக் கட்டத்தில் தவறியது என்பதை அவர்கள் எழுதுகிறார்கள். யார் தவறினார் என்பது அவர்களுக்கே தெரியாது. தண்டிப்பது அந்த ஆய்வின் நோக்கமும் அல்ல.

மாநில அரசின் ஒப்புதலோடு, கேரள மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு நடத்திவரும் தாய் இறப்பு இரகசிய ஆய்வு இது. மருத்துவரின் பணியைச் சக மருத்துவர்களே எடைபோடும் முறைக்கு, நாட்டில் இருப்பவற்றில் மிகவும் நம்பிக்கையூட்டும் முன்மாதிரி இதுவே எனலாம். ஆனால் இந்த இரகசியத்தைக் காக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இல்லை. இருபதாண்டுகளாக இது நம்பிக்கையின் பேரில் நடந்து வருகிறது.

பள்ளிவாசலில் 'சக மருத்துவர்' யார்?

இந்த விவகாரம் தலைநகரின் பெரிய மருத்துவமனைகளை மட்டும் சார்ந்தது என்று நினைத்தால் தவறு. இடுக்கி மாவட்டத்தின் பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். அடிமாலியிலிருந்து மூணாறு செல்லும் மலைச்சாலையில் உள்ள ஊர். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இங்குதான் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் சமவெளியின் தொழிற்சாலைகளுக்கு இறங்கிச் சென்றது. மேலே தேயிலை மலையில் லயங்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்களின் வழிவந்தவர்கள்.

தோட்ட நிர்வாகமே மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியது. அதன்படி உருவான தோட்ட மருத்துவமனைகள்தாம் இந்த மலைகளில் பல தலைமுறைகளின் முதல் புகலிடம். ஆனால் சிக்கலான பிரசவம் என்றால் அடிமாலிக்கோ, இடுக்கிக்கோ, கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கோ இறங்க வேண்டும். இல்லையேல் போடிமெட்டு வழியாக எல்லையைத் தாண்டித் தேனிக்குச் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் மலைச்சாலை மண்சரிந்து அடைபடுவது இங்கே புதிய செய்தி அல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 உயிர்களைப் பறித்த நிலச்சரிவு வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆயிற்று.

இத்தகைய இடத்தில் ஒரு மருத்துவரின் பணியை எடைபோடும் 'சக மருத்துவர்' யார்? ஒரு மருத்துவமனையில் ஒரே ஒரு மகப்பேறு மருத்துவர் இருப்பார். அடுத்த நிபுணர் மலைக்குக் கீழே இருப்பார். அவர் இவருடைய நண்பராக இருக்கலாம், நோயாளிகளுக்காகப் போட்டியிடுபவராகவும் இருக்கலாம். நண்பராயின் தவறு மறைக்கப்படும் அபாயம். போட்டியாளராயின் இல்லாத தவறு கண்டுபிடிக்கப்படும் அபாயம்.

இரண்டாவது அபாயம் எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்கா ஒரு சிற்றூரின் வழக்கில் கற்றுக்கொண்டது. ஓரிகான் மாநிலத்தின் அஸ்டோரியா நகரில் திமோதி பேட்ரிக் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், அவ்வூரின் மருத்துவர் குழுமம் ஒன்று அளித்த பங்குதாரர் வாய்ப்பை மறுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். ஊரில் இருந்ததோ ஒரே ஒரு மருத்துவமனை. அதன் மருத்துவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழுமத்தைச் சேர்ந்தவர்கள். 1981-இல் பேட்ரிக்கின் சிகிச்சை முறை மீது சக மருத்துவர் ஆய்வு தொடங்கப்பட்டது. முடிவு எப்படி இருக்கும் என்று ஊகித்த அவர், நீக்கப்படும் முன் தாமே விலகினார். பின் போட்டி ஒடுக்குமுறைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார். நோயாளிகளின் நலனுக்காக அல்லாமல் போட்டியாளரை ஒழிக்கவே ஆய்வு பயன்படுத்தப்பட்டது என்று நடுவர் குழு கருதியது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினாலும், 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேட்ரிக்கின் பக்கமே நின்றது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மருத்துவத் தர மேம்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. ஆய்வில் பங்கேற்கும் மருத்துவர்களுக்கு இழப்பீட்டு வழக்குகளிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது, ஆனால் நிபந்தனைகளோடு. சிகிச்சையின் தரத்தை உயர்த்தும் என்ற நியாயமான நம்பிக்கையில் நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்க வேண்டும். உண்மைகளைத் திரட்ட நியாயமான முயற்சி செய்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட மருத்துவருக்கு முன்னறிவிப்பும் விசாரணையும் அளித்திருக்க வேண்டும். அந்த உண்மைகள் நடவடிக்கையை நியாயப்படுத்த வேண்டும். விசாரணையை நடத்துபவர் அந்த மருத்துவரோடு நேரடியாகத் தொழிற்போட்டியில் இருப்பவராக இருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அஸ்டோரியாவின் பாடம் அது. இவ்வளவு இருந்தும், இந்தப் பாதுகாப்பைக் கேடயமாக்கிக்கொண்டு வேண்டாதவரை வெளியேற்றும் போலி ஆய்வுகள் நடப்பதாக அங்கே இன்றும் புகார் ஓயவில்லை.

பெயர் நீக்கிய கோப்பு

அமெரிக்கா வழக்குகளின் வழியே தேடிய விடையைக் கேரளம் மிக எளிமையாகக் கண்டது எனலாம். பெயரையே எடுத்துவிட்டால் நட்புக்கும் இடமில்லை, பகைக்கும் இடமில்லை. இங்கிலாந்து மற்றும் வேல்ஸில் 1952 முதல் நடந்துவரும் தாய் இறப்பு இரகசிய விசாரணைதான் இதற்கு மூலம். கேரளக் கூட்டமைப்பு தன் அறிக்கைக்குச் சூட்டிய 'தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள்' என்ற தலைப்பும் பிரிட்டிஷ் அறிக்கைகளிலிருந்து வந்ததே. திருச்சூரைச் சேர்ந்த மூத்த மகப்பேறு மருத்துவர் வி.பி.பைலி இப்பணியை நீண்ட காலம் ஒருங்கிணைத்தார்.

கேரளத்தில் பிரசவங்களில் பெரும் பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது. வழக்குக்கும் விளம்பரத்துக்கும் அஞ்சும் தனியார் மருத்துவமனை, தன் அறையில் நிகழ்ந்த மரணத்தின் முழுக் கோப்பையும் வெளியாருக்கு ஏன் தர வேண்டும்? தண்டனை இல்லை, பெயர் வெளியாகாது என்ற உறுதி இல்லாமல் இது ஒரு நாளும் நடந்திருக்காது. உறுதி கிடைத்ததும் கோப்புகள் வந்தன. தனித்தனி மருத்துவமனையில் அபூர்வமாகத் தோன்றிய மரணங்கள் மாநில அளவில் ஒன்று சேர்ந்தபோது ஒரே முகத்தைக் காட்டின. முதலிடத்தில் ரத்தப்போக்கு. அடுத்து கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம்.

அதிலிருந்து பயிற்சிகள் பிறந்தன. ரத்தப்போக்கு ஏற்பட்டால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீயணைப்புப் படையைப் போல ஒத்திகை பார்க்கும் முறை வந்தது. கருப்பைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களை வயிற்றைத் திறக்காமலே பிடித்து நிறுத்தும் கவ்வி ஒன்றைப் பைலி வடிவமைத்தார். பள்ளிவாசல் போன்ற மலைப்பகுதியிலிருந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்ல மணிக்கணக்கில் ஆகும் தாய்க்கு, அப்படிக் கிடைக்கும் அவகாசம்தான் உயிர். பிரிட்டனின் தேசிய மருத்துவத் தர நிறுவனத்தின் சர்வதேசப் பிரிவும் கேரள அரசும் சேர்ந்து சிகிச்சைத் தர நெறிகளை வகுத்தபோதும் இந்த ஆய்வுகளே அடிப்படையாக அமைந்தன.

பதிவுத் தலைமை அலுவலகத்தின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, 2004-06இல் கேரளத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு 95. 2018-20இல் அது 19. இதே காலத்தில் நாடு முழுவதற்குமான விகிதம் 254-இலிருந்து 97-ஆகக் குறைந்தது. இந்தச் சரிவு முழுவதையும் ஒரு ஆய்வின் கணக்கில் எழுதிவிட முடியாது. பெண் கல்வி, போக்குவரத்து, ரத்த வங்கிகள், அரசுத் திட்டங்கள் என எத்தனையோ காரணங்கள் உண்டு. தமிழ்நாடும் தொண்ணூறுகளிலிருந்தே தாய் இறப்புகளைத் தணிக்கை செய்து, இதே காலத்தில் 111-இலிருந்து 54-ஆகக் குறைத்துள்ளது. தமிழ்நாட்டின் முறை அதிகாரிகள் தலைமையில் நடப்பது; பெயர்களோடு நடப்பது. தகவல் விரைவாக மேலே செல்லும் என்பது அதன் பலம். மேலதிகாரியின் முன் நிற்கும் மருத்துவர் எந்த அளவுக்கு மனம் திறப்பார் என்பது அதன் முன் உள்ள கேள்வி.

உச்ச நீதிமன்றம் சொன்னது

இந்தியச் சட்டத்தில் சக மருத்துவரின் கருத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லூதியானாவில் ஒரு நோயாளி மூச்சுத் திணறலால் தவித்தபோது கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது, அவர் இறந்தார். அந்த வழக்கில்தான் 2005 ஆகஸ்ட் 5 அன்று, ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம் என்று அறியப்படும் தீர்ப்பைத் தலைமை நீதிபதி ஆர்.சி.லகோட்டி தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு வழங்கியது. மற்றொரு தகுதிவாய்ந்த மருத்துவரின் நம்பத்தகுந்த கருத்து இல்லாமல் மருத்துவர் மீதான தனிநபர் குற்றப் புகாரை ஏற்கக் கூடாது. புலனாய்வு அதிகாரி நடவடிக்கை எடுக்கும் முன், இயன்றவரை அரசுப் பணியில் உள்ள, சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. லால்சோட் சம்பவம் இந்தத் தீர்ப்புக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2023 டிசம்பரில் புதிய குற்றவியல் சட்டங்கள் மக்களவையில் நிறைவேறியபோது, மருத்துவர்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து விலக்கு அளிக்கப்படும் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் இருப்பது முழு விலக்கு அல்ல. அலட்சியத்தால் மரணம் விளைவிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறை. பதிவுபெற்ற மருத்துவர் என்றால் இரண்டாண்டு வரை. பழைய தண்டனைச் சட்டத்திலும் இரண்டாண்டுதான்.

இவையெல்லாம் ஒருவர் குற்றவாளியா என்று தீர்மானிக்கும் இடங்கள். மருத்துவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, 'நாம் எங்கே தவறினோம்' என்று தங்களுக்குள் பேசும் கூட்டத்துக்குச் சட்டம் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. கணவன்-மனைவி இடையிலான பேச்சுக்கும், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கும் சாட்சியச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. மருத்துவத் தணிக்கைக் கூட்டத்தின் குறிப்பேட்டுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. நல்லெண்ணத்தோடு பிறர் நலன் காக்கச் சொன்ன சொல் அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கு குற்றவியல் சட்டத்தில் உண்டுதான். ஆனால் அது வழக்கில் சிக்கிய பின் எடுத்துவைக்கும் எதிர்வாதம். அழைப்பாணையை அது தடுக்காது.

விளைவு என்ன? தர அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் தணிக்கைக் குழுக்கள் கூடுகின்றன. ஆனால் குறிப்பேட்டில் வழக்கறிஞர் கண்ணில் பட்டாலும் பாதகமில்லாத வரிகள் மட்டுமே எழுதப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

கேடயம் யாருக்கு?

இந்த இடத்தில் வாசகர் ஒரு கேள்வி எழுப்புவது நியாயம். மருத்துவர்களே மருத்துவர்களை விசாரித்து, அதையும் இரகசியமாக வைத்துக்கொண்டால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கும்?

அந்தச் சந்தேகத்துக்கும் கேரளத்திலேயே சான்று இருக்கிறது. 2017 நவம்பரில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து, ஐந்தாண்டு வேதனைக்குப் பின் 2022-இல் அறுவைக் கவ்வி ஒன்று அகற்றப்பட்டது. அது எங்கிருந்து வந்தது என்று துறைவாரி விசாரணைகளால் சொல்ல முடியவில்லை. முந்தைய ஸ்கேன் பதிவுகளை ஆராய்ந்த காவல்துறை, 2017-ஆம் ஆண்டு அறுவைச் சிகிச்சையின்போதே அது உள்ளே விடப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் கூடிய மாவட்ட மருத்துவ வாரியம் அதை ஏற்கவில்லை. அந்தப் பெண் வீதியில் அமர்ந்து நூறு நாட்களுக்கு மேல் போராடினார். இறுதியில் காவல்துறை இரண்டு மருத்துவர்கள், இரண்டு செவிலியர்கள் மீது குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தது. யார் சொன்னது சரி என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். மருத்துவர் குழுவின் சொல்லை மக்கள் நம்ப மறுக்கும் நிலை வந்துவிட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது.

இரண்டையும் ஒன்றாகக் கலந்ததே இதற்குக் காரணம் என்பது நமது கருத்து. கற்பதற்கான ஆய்வு வேறு. பொறுப்பை நிர்ணயிக்கும் விசாரணை வேறு. முன்னதற்கு இரகசியம் தேவை. பின்னதற்கு வெளிப்படைத்தன்மையும், அந்த மருத்துவமனையோடும் துறையோடும் தொடர்பில்லாத உறுப்பினர்களும் தேவை. முன்னதில் ஒரு மருத்துவர் மனம் திறந்து சொன்னதைப் பின்னதில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. அதே வேளையில், அவர் முன்னதில் பங்கேற்றார் என்பதற்காகப் பின்னதிலிருந்து தப்பவும் கூடாது. சிகிச்சைக் கோப்பு, ஆய்வகச் சீட்டு, செவிலியர் குறிப்பு ஆகியவை எந்த ஆய்வுக்குப் போனாலும் நோயாளியின் உரிமையாகவே இருக்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளே கூறுகின்றன. சட்டம் மூட வேண்டியது கலந்துரையாடலை மட்டும்தான்.

அதே விதிகளில் இன்னொரு கட்டளையும் உண்டு. சக மருத்துவரின் தகுதியின்மையையோ நேர்மையின்மையையோ அச்சமும் தயவும் இன்றி வெளிப்படுத்துவது மருத்துவரின் கடமை என்கிறது அது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய விதிகளே தொடர்கின்றன. கடமை இருக்கிறது, அதைச் செய்பவருக்குப் பாதுகாப்பு எங்கே? 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே கிடக்கிறது. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகப் பாதை அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவர் ஹாரிஸ் சிறக்கல், கருவிகள் இல்லாமல் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போவதாக 2025 ஜூனில் முகநூலில் எழுதினார். அரசு அமைத்த நிபுணர் குழு அவர் சொன்ன குறைகள் பலவற்றை உறுதி செய்தது. அடுத்து அவருக்கு வந்தது, பணி விதிகளை மீறியதற்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸ். தலைநகர் மருத்துவக் கல்லூரியின் துறைத் தலைவருக்கே இந்த நிலை என்றால், தோட்ட மருத்துவமனையின் ஒற்றை மருத்துவரோ செவிலியரோ வாய் திறப்பார்களா?

யார் இயற்றுவது?

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்று தில்லி கைவிரிக்க முடியாது. மருத்துவத் தொழிலும் சாட்சியச் சட்டமும் பொதுப் பட்டியலில் உள்ளன. நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். சட்டமன்றமும் இயற்றலாம், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடங்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும். கேரளத்துக்கு 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டமும், தமிழ்நாட்டுக்கு 1997-ஆம் ஆண்டின் சட்டமும் ஏற்கெனவே உள்ளன. அவற்றில் ஒரு அத்தியாயத்தைச் சேர்த்தாலே தொடக்கமாக அமையும்.

அந்த அத்தியாயத்தில் மலைப்பகுதிகளுக்கென்று தனியே சில வரிகள் வேண்டும். ஒற்றை நிபுணர் உள்ள மருத்துவமனையின் மரணத்தை வேறு மாவட்டத்தினர்தான் ஆராய வேண்டும். ஆய்வு முடிவின் பேரில் ஒரு மருத்துவரின் பணியுரிமையைக் குறைப்பதாயின் எழுத்து மூலமான அறிவிப்பு, கோப்பின் நகல், விளக்கமளிக்க அவகாசம், காரணத்தோடு கூடிய உத்தரவு, மேல்முறையீடு ஆகிய ஐந்தும் இல்லாமல் செய்யக் கூடாது. குடும்பத்தினரைக் கேட்காமல் ஆய்வை முடிக்கக் கூடாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2010-இல் வெளியிட்ட தாய் இறப்பு ஆய்வு வழிகாட்டுதல்களே, மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக்கு உறவினர்களை அழைக்கச் சொல்கின்றன. பள்ளிவாசலில் அந்த அழைப்பும் விசாரணையும் தமிழில் இருந்தாக வேண்டும். மருத்துவமனைக் கோப்பு ஆங்கிலத்தில். அலுவலகக் கடிதம் மலையாளத்தில். வலி எப்போது தொடங்கியது, ஜீப்புக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தோம், எந்த வளைவில் வண்டி நின்றது என்பதோ லயத்தில் மாமியார் பேசும் தமிழில்தான் இருக்கிறது. முடிவெடுப்பதில், வந்து சேர்வதில், சிகிச்சை தொடங்குவதில் என்று தாய் இறப்புக்கு மூன்று தாமதங்களைத் துறையினர் 1990-களிலிருந்தே சுட்டிக்காட்டி வருகின்றனர். மருத்துவர் எழுதும் கோப்பு பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே சொல்லும்.

இன்னொன்றும் எஞ்சியிருக்கிறது. பள்ளிவாசலிலிருந்து புறப்பட்ட தாய் போடிமெட்டைத் தாண்டித் தேனியில் உயிரிழந்தால், அவருடைய கோப்பு தமிழ்நாட்டின் தணிக்கைக்கே முதலில் செல்லும். ஆம்புலன்ஸ் தாமதமான சாலை கேரளத்தில் இருக்கிறது. பெயர் நீக்கிய கோப்பும், பெயரோடு கூடிய கோப்பும் ஒன்றையொன்று சந்திக்க இரு மாநிலச் சுகாதாரத் துறைகளுக்கும் இடையே ஓர் உடன்பாடு போதும். அதற்கு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.